வன்னியில் ஊர்க்குளத்தைச் சுற்றி அருகிவரும் மிருகங்களையும் மரங்களையும் ஊரவர்களே காப்பாற்ற என்ன செய்யலாம்?

மரம் நடுவதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை அலைகரைக்கு, அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் கரைக்கு, எல்லை போடுவது. குளம் நிரம்பி வான் பாயும் நாளில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறதோ, அங்கே கட்டை அடித்துவிடுங்கள். கோடையில் வெறும் தரை என்று உழுவது அந்த இடத்தைத்தான். நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் ஒதுங்குவது அங்கே வளரும் கோரைக்குள்தான். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளம் என்றால் கமக்காரர் அமைப்போடு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். பற்றைக்குள் இறங்கமுன் மிதிவெடி அகற்றிய இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூன் 5 சுற்றாடல் தினத்தில் நடும் கன்றுகளைச் சோளகம் காயவைத்துவிடும். ஐப்பசி மழை விழுந்து மண் ஊறியபின் நடுங்கள். முழங்கால் ஆழக் குழி, 4 மீற்றர் இடைவெளி போதும். தண்ணீர் ஏறும் விளிம்பில் மருது, நாவல். பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் மேட்டு மரங்கள், வேரில் தண்ணீர் தேங்கினால் பட்டுவிடும். பாலை மிக மெதுவாக வளரும். தானாக முளைத்த கன்றைச் சுற்றி முள் அடைத்து ஆடு மாட்டிடமிருந்து காப்பது நட்டு வளர்ப்பதைவிட இலேசு. குளக்கட்டில் மட்டும் பெருமரம் வைக்காதீர்கள். அது பட்டால் உக்கிய வேர் விட்ட ஓட்டை வழியே தண்ணீர் கசிந்து குளக்கட்டையே அரிக்கும்.

குளத்தை மூடும் மிதக்கும் களையான சல்வீனியா, 1939 இல் கொழும்புக்குப் படிப்புக்காகக் கொண்டுவந்த செடி. அள்ளிக் கரையில் குவித்துவிட்டுப் போவதுதான் வழக்கமான பிழை. அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏற, ஒரு துண்டு போதும், மீண்டும் குளம் மூடும். நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் உக்கவிடுங்கள். ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் பல வருடம் கிடக்கும், ஒருமுறை அள்ளினால் தீராது. களைநாசினி அடித்தால் செத்த செடி உக்கும்போது ஒட்சிசன் குறைந்து மீனும் மிதக்கும்.

பாலாமை கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மண் அள்ளும் இயந்திரம் குளம் முழுவதையும் ஒரே கோடையில் வழித்தால் ஆமை வேரோடு போய்விடும். பாதிக் குளத்தை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் என்று பிரியுங்கள்; ஆழமான மடுவைத் தொடவேண்டாம். கோரைக்கு எரியூட்டுவதையும் நிறுத்துங்கள். தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) ஏற்கெனவே தடை. மற்ற வலைகளையும் கோரையோரம் விரித்து விடியும்வரை விட்டால், மூச்சுக்கு மேலே வரமுடியாமல் ஆமையும் நீர்நாயும் அதிலேயே சாகும்.

மீன்பிடிப் பூனையைச் சிறுத்தைக்குட்டி என்று நினைத்து அடிப்பதும் உண்டு. கோழிக்கூட்டை இரவில் கம்பிவலையால் அடைத்தால் அது வீட்டுப்பக்கம் வரத் தேவையிருக்காது. உண்மையிலேயே சிறுத்தை வந்தால் (2018 இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சனம் கூடி ஒன்றை அடித்துக் கொன்றது) கூட்டத்தை விலக்கி, அது போக ஒரு பக்கம் வழிவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.