மருத்துவப் படிப்பு எங்கும் போய்விடாது

ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாடிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளைக் கோல்ஃப் ஆட விடுவதா, நேரே மருத்துவம் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் ஜிம்னாசியம் (அங்கே மேல்நிலைப் பள்ளி) இரண்டாம் ஆண்டு. கோல்ஃப் ஹேண்டிகேப் 1 (திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது). மருத்துவ இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண்ணும் இருக்கிறது. உங்கள் அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்து, "பந்து அடிச்சா சோறு கிடைக்குமா?" என்கிறார். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவர் அவசரப்படுத்துவது தவறான இடத்தில்.

ஸ்வீடனில் மருத்துவம் சேர வயது வரம்பு இல்லை. பள்ளி மதிப்பெண் காலாவதியாகாது. பல்கலைக்கழகம் சேர எழுதும் ஹெக்ஸ்கூலெப்ரூவெட் தேர்வு மதிப்பெண் 8 ஆண்டுகள் செல்லும். அவள் 23 வயதில் விண்ணப்பித்தாலும் இதே வரிசையில்தான் நிற்பாள். கோல்ஃப் அப்படிக் காத்திருக்காது.

அதற்காக 19 வயதில் புரொஃபஷனல் ஆகட்டும் என்று சொல்லவில்லை. அதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். விமானம், ஓட்டல், நுழைவுக் கட்டணம், பை சுமக்கும் உதவியாளரின் ('கேடி') கூலி எல்லாம் அவள் கைக்காசு. இரண்டு சுற்று முடிந்ததும் 'கட்' என்ற தகுதிக் கோட்டைத் தாண்டாதவர் பரிசுப் பணம் இல்லாமல் வீடு திரும்புவார். ஸ்வீடன் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் 2001இல் பெரிய போட்டி ஒன்றை வென்ற அதே ஆண்டில் அடியின் லயம் தப்பி, ஒரு சுற்றின் நடுவிலேயே வெளியேறினார். மீள ஆண்டுகள் ஆயின. ஸ்வீடனின் பெரும் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாமுக்கே 1992இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் ('டூர்') ஆட அனுமதி முதல் முயற்சியில் கிடைக்கவில்லை.

உங்கள் உறவினர்கள் யாரும் பேசாத வழி ஒன்று உண்டு: அமெரிக்கக் கல்லூரி கோல்ஃப். சோரன்ஸ்டாம் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1991இல் கல்லூரிச் சாம்பியன் ஆனவர். ஸ்வீடனின் எஸ்லவ் ஊர் லுட்விக் ஓபெரி டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து 2023 ஜூனில் புரொஃபஷனல் ஆனார். அதே செப்டம்பரில் அமெரிக்காவை எதிர்த்து ஆடும் ஐரோப்பாவின் ரைடர் கோப்பை அணியில் இருந்தார். உங்கள் ஊரிலேயே பிறந்த இங்ரிட் லிண்ட்பிளாட் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 2022 அமெரிக்க மகளிர் ஓப்பனில் ஒரு சுற்றை 65 அடியில் முடித்தார். 2025இல் எல்பிஜிஏ (அமெரிக்க மகளிர் டூர்) பட்டம்.

அங்கே ஒரு போட்டி இப்படி நடக்கும். அணிக்கு ஐந்து பேர். பல போட்டிகளில் முதல் நாளே 36 குழிகள், அதாவது இரண்டு சுற்று, பையைத் தாங்களே எடுத்துக்கொண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நல்ல நான்கு ஸ்கோர்தான் கணக்கு, ஐந்தாவது தள்ளுபடி. அதனால் கடைசி மூன்று குழிகளில் ஒருத்தி சரிந்தாலும் அணி தாங்கும். டூரில் அந்தத் தாங்கல் கிடையாது. போட்டிக் காலத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் உச்சவரம்பு, ஒரு நாள் கட்டாய ஓய்வு. தென் மாநிலக் கல்லூரி என்றால், ஸ்வீடனில் பனி மூடியிருக்கும் மாதங்களிலும் அவள் புல்லில் பந்து அடிப்பாள்.

தடுமாறும் இடங்களையும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பார்ப்பார்கள். 16 அடிப்படைப் பாடங்கள் தேவை. சான்றிதழ்களை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். புகழ்பெற்ற அணியில் ஒன்பதாவது ஆளாகப் பெஞ்சில் உட்காருவதைவிட, முதல் ஆண்டே ஐவரில் இடம் தரும் நடுத்தர அணி மேல். ஆய்வகப் பாடங்கள் பெரும்பாலும் பிற்பகலில் வரும், பயிற்சியும் அப்போதுதான். எந்தத் துறை எடுத்தால் மோதாது என்று சேரும் முன்பே கேட்க வேண்டும்.

பணத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லில் மயங்காதீர்கள், பாதிக் கட்டணமும் ஸ்காலர்ஷிப்தான். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு ஒவ்வொன்றிலும் எவ்வளவு தருகிறார்கள், காயம்பட்டால் அடுத்த ஆண்டும் தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்வீடன் அரசின் மாணவர் நிதியான சிஎஸ்என் உதவியை வெளிநாட்டுப் படிப்புக்கும் கேட்கலாம். அதற்கு மேலும் வீட்டை அடமானம் வைக்க வேண்டிவந்தால், அந்தக் கல்லூரி வேண்டாம்.

இந்த மாதமே இருபது கோச்சுகளுக்கு மின்னஞ்சல் போகட்டும். அதில் கடைசி இரண்டு சீசனின் பல சுற்றுப் போட்டிகள், மைதான நீளம், கோர்ஸ் ரேட்டிங் (மைதானம் எவ்வளவு கடினம் என்ற மதிப்பீடு), ஒவ்வொரு நாள் ஸ்கோர். மோசமான 81ஐயும் மறைக்கக் கூடாது. அவள் பந்து அடிப்பதை நேர் முன்னிருந்தும் இலக்குக் கோட்டின் பின்னிருந்தும் எடுத்த இரண்டு சிறு வீடியோக்கள் போதும். எழுதுவது அவளாக இருக்கட்டும், நீங்கள் திருத்தக்கூட வேண்டாம். யார் உட்கார்ந்து இருபது கடிதமும் எழுதுகிறார் என்பதைப் பார்த்தாலே, இது அவள் ஆசையா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பத்தோடு நிறுத்திவிட்டாள் என்றால், அப்போது உங்கள் அண்ணனோடு பேசலாம்.