கம்பி தெரிகிறது, பில்டர் கடற்காற்றைக் காரணம் சொல்கிறார்

கேள்வி: நீலாங்கரையில் கடலுக்கு அருகே ஃபிளாட் வாங்கி, சாவி கைக்கு வந்து 4 ஆண்டு 8 மாதம் ஆகிறது. பால்கனி சீலிங்கில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. ‘உப்புக்காற்றால் வந்தது, பராமரிப்பு உங்கள் பொறுப்பு. பணம் கொடுத்தால் பூசித் தருகிறோம்’ என்கிறார் பில்டர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. ஆனால் உங்களுக்கு இன்னும் 4 மாதம்தான் இருக்கிறது. வீடு வாங்குவோரைக் காக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேராவின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையை எழுதித் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்த 5 ஆண்டுக்குள் அறிவிப்பு போய்ச் சேர்ந்தால் போதும், வழக்கே போட்டிருக்க வேண்டும் என்றில்லை. எனவே படங்களோடு இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

அடுத்து கடற்காற்று. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கும். குளோரைடு உப்போ காரம் இருக்கும்போதே கம்பியை அரிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. இது நடக்கும் என்று தெரிந்துதான், கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் தடிமன், அதாவது ‘கவர்’, 45 மி.மீ.யும் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. உங்கள் பால்கனியில் 15 மி.மீ. கவர்தான் இருக்கிறது என்று அளந்து காட்டிவிட்டால், அந்தக் குறை கட்டிய அன்றே இருந்தது என்றாகிவிடும். அப்புறம் கடற்காற்றைக் காரணம் சொல்ல முடியாது.

அதனால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் கவர் அளவு, குளோரைடு அளவு, கார்பனேற்ற ஆழம் (கரியமில வாயுவால் காரம் போன ஆழம்) மூன்றையும் அறிக்கையாக வாங்குங்கள். கார்பனேற்றத்துக்குப் புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலின் என்ற நிறங்காட்டி திரவத்தைத் தெளிப்பார்கள். காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. இந்த ஆழம் பொதுவாகக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 4 ஆண்டில் 10 மி.மீ. என்றால் 20 மி.மீ. எட்ட ஏறத்தாழ 16 ஆண்டு. காரம் போன பகுதி கம்பியை எப்போது எட்டும் என்று காட்டி, இன்னும் பெயராத சீலிங்குக்கும் நிவாரணம் கேட்க இந்தக் கணக்கு உதவும்.

30 நாளில் பில்டர் அசையவில்லையா? அந்தச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ரேரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்: சரிசெய்யும் உத்தரவுக்குப் படிவம் ‘எம்’, இழப்பீட்டுக்குப் படிவம் ‘என்’. மற்ற வீடுகளிலும் இதே பிரச்சினை இருந்தால் அசோசியேஷன் வழியாகப் போவது நல்லது. நோட்டீஸில் வேலை முறையையும் எழுதுங்கள்: துருப்பிடித்த கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவை நீக்கி, ரிப்பேர் மார்ட்டரால் நிரப்ப வேண்டும். படமும் பரிசோதனையும் முடியும்வரை கொத்தனாரை அந்த இடத்தில் கை வைக்க விடாதீர்கள். மேலே பூசிவிட்டால் சாட்சியம் மறைந்துவிடும்.