மஞ்சளான தலையணை: கேளுங்க, சொல்றேன்

லாண்ட்ரி வேலைல 14 வருஷமா இருக்கேன், தலையணை மட்டுமே ஆயிரக்கணக்குல துவைச்சிருப்பேன். கேக்குறதுக்கு முன்னாடி ஓரத்துல தைச்சிருக்கிற லேபிள பாத்துட்டு உள்ள என்ன அடைச்சிருக்குன்னு சேத்து எழுதுங்க, அது தெரியாம நான் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: உறைய வாரம் ரெண்டு தடவை மாத்துறேன், ஆனாலும் உள்ள தலையணை திட்டுத் திட்டா மஞ்சளாகுது, ஏன்?

பதில்: உறை ஒரு மெல்லிசு துணிங்க, ஈரத்த தடுக்காது. வியர்வை, எச்சில், மூஞ்சில போடுற க்ரீம், தலைல இருக்கிற எண்ணெய் எல்லாம் அது வழியா உள்ள இறங்கும். அதுல அந்த எண்ணெய்ப்பசைதான் முக்கியமான ஆளு, காத்து பட்டு பட்டு நாளாக ஆக அதுவே மஞ்சளா மாறிடும். அதனாலதான் பசை சரியா போகாம துவைச்சு பீரோல வெச்ச தலையணைய ஆறு மாசம் கழிச்சு எடுத்தா திரும்ப மஞ்சளா நிக்குது. ஈரத்தலையோட படுக்குறத முதல்ல நிறுத்துங்க. உறைக்கு உள்ள ஜிப் வெச்ச ப்ரொடெக்டர் ஒண்ணு போடுங்க.

கேள்வி: பாலியஸ்டர் பைபர் தலையணை. மெஷின்ல போடலாமா அண்ணா?

பதில்: தாராளமா. மொதல்ல மஞ்சள் திட்டு மேல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு விரலால தேய்ச்சு கால் மணி நேரம் விடுங்க, எண்ணெய்ய அதுதான் பிரிக்கும். அப்புறம் ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் பவுடர், பாக்கெட்ல போட்ட அளவுக்கு சுடுதண்ணில கரைச்சு ஒரு மணி நேரம் ஊற வைங்க. லேபிள்ல அனுமதி இருந்தா 40லேருந்து 60 டிகிரி வரைக்கும் சூடு இருக்கலாம், பச்சைத்தண்ணில அது ரொம்ப மெதுவாதான் வேலை செய்யும். தலையணை மிதக்கும், அமுக்கி காத்த வெளியேத்தி அப்பப்ப புரட்டி விடுங்க. மெஷின்ல ரெண்டா போடுங்க, ஒத்தையா போட்டா ட்ரம் ஒரு பக்கமா சாஞ்சு தடதடன்னு ஆடும். சோப்பு வழக்கத்துல பாதி, அலசல் ரெண்டு தடவை. அப்புறம் வெயில், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி கையால உதறி விடணும். மேல தொட்டு பாத்துட்டு காஞ்சிருச்சுன்னு எடுத்துடாதீங்க! நடுவுல அழுத்திப் பிடிங்க, சில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு, அப்படியே படுத்தா பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: மெமரி ஃபோம்?

பதில்: தண்ணில முக்கவே கூடாது, ஈரத்த குடிச்சு கனமாகி தூக்கும்போதே கிழியும். சோப்புத்தண்ணில நனைச்சு பிழிஞ்ச துணியால துடைச்சு நிழல்ல காத்தாட வைங்க. இன்னொண்ணு, ஃபோம் வெளிச்சமும் காத்தும் பட்டாலே தன்னால மஞ்சளாகும், அது அழுக்கு இல்ல, துவைச்சாலும் போகாது.

கேள்வி: இலவம்பஞ்சு தலையணைய ஊற வைக்கலாமா?

பதில்: வேணாம், கட்டி கட்டியா ஆயிடும். தையல் பிரிச்சு பஞ்ச எடுத்து வெயில்ல காட்டுங்க, துணிய மட்டும் துவைங்க.

கேள்வி: வினிகரும் சோடா மாவும் கலந்து ஊத்துனா பளிச்சுனு ஆகுமாமே?

பதில்: ஆகாது. ஒண்ணு புளிப்பு, இன்னொண்ணு காரம், ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும்.

கேள்வி: அதெப்படி ஆகாதுன்னு சொல்றீங்க? நுரை பொங்கும்போது அழுக்கு கூடவே வெளிய வருதே, நானே பாத்தேன்.

பதில்: பொங்குறது கார்பன் டை ஆக்சைடு, குடிக்கிற சோடாவுல வர்ற அதே வாயு. அது அடங்குனா மிச்சம் இருக்கிறது கொஞ்சம் உப்பு கரைஞ்ச தண்ணி, சோடியம் அசிடேட்னு பேரு, அதுக்கு எண்ணெய்ப்பசைய எடுக்கிற சக்தி கிடையாது.

கேள்வி: நான் மூணு தலையணை அப்படித்தான் வெள்ளையாக்குனேன் சார், சும்மா சொல்லாதீங்க.

பதில்: கூட சுடுதண்ணியும் சோப்பும் போட்டீங்களா இல்லையா?

கேள்வி: போட்டேன்.

பதில்: வேலை செஞ்சது அதுதாங்க. ஒரே கறை உள்ள பழைய உறைய ரெண்டா வெட்டி, ஒண்ண சுடுதண்ணி சோப்புல மட்டும், இன்னொண்ண இந்த கலவையும் சேத்து துவைச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. தனித்தனியா ரெண்டும் நல்லது, சோடா மாவு வாடைய எடுக்கும், வினிகர் கடைசி அலசல்ல சோப்பு மிச்சத்த எடுக்கும். ஆனா குளோரின் ப்ளீச் பக்கத்துல மட்டும் வினிகர கொண்டு போகாதீங்க, விஷ வாயு வரும். இத எத்தனை தடவை வேணா சொல்வேன்.

கேள்வி: அப்ப குளோரின் ப்ளீச் மட்டும் தனியா ஊத்தலாமா?

பதில்: வேணாம். வியர்வைக்கறை அதுல இன்னும் மஞ்சளாகும்.

கேள்வி: மெமரி ஃபோம மெஷின்ல போடலாமா?

பதில்: மேல சொல்லிட்டேன். படிச்சுட்டு கேளுங்க.

கேள்வி: தூசிப்பூச்சி அலர்ஜி இருக்கு, என்ன பண்றது?

பதில்: லேபிள் விட்டா 60 டிகிரில துவைங்க, பூச்சி சாகும். உடம்புக்கு டாக்டர பாருங்க.

கேள்வி: எப்ப தூக்கிப் போடணும்?

பதில்: பைபர் தலையணைய பாதியா மடிச்சு விடுங்க. திரும்பி நிமிரலன்னா அது முடிஞ்சது, துவைச்சு பிரயோஜனம் இல்ல.

கேள்வி: சோபா கறை?

பதில்: அது வேற வேலை, சோபா ஆளுங்கள கேளுங்க.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரியே துவைச்சேன், மஞ்சள் போயிடுச்சு, அஞ்சு மணி நேரம் வெயில்ல போட்டு எடுத்துட்டேன். லேசா ஒரு வாடை வருது.

பதில்: நடுவுல அழுத்திப் பாத்தீங்களா?

கேள்வி: இப்பதான் பாத்தேன். சில்லுனு இருக்கு.

பதில்: ஒரு தடவை நல்லா அலசிட்டு திரும்ப வெயில்ல போடுங்க. நாளைக்கும் சேத்து.