வெள்ளிக்கிழமைக்குள் காயாது

வணக்கம் ஐயா,

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். அடுத்த மாதம் 'கைத்தொழில் வாரம்' வைக்கிறோம். திங்கள் களிமண், செவ்வாய் பனையோலை, புதன் தெருக்கூத்து முகமூடி, வியாழன் அடுப்பில்லா சமையல், வெள்ளி கண்காட்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பீரியட். 40 பிள்ளைகள். பிள்ளைகள் செய்த சட்டிகளுக்குக் கலர் அடித்து வெள்ளிக்கிழமை மேசையில் வைக்கச் சொல்கிறது நிர்வாகம். என்ன கலர் வாங்கலாம்? அடுப்பு என்றால் பெற்றோர் பயப்படுகிறார்கள்; அடுப்பில்லாமல் என்ன செய்யலாம்? நிறைவு விழாவில் நீங்கள் வந்து பேச முடியுமா?

கே., குடியாத்தம்

அன்புள்ள கே. டீச்சர்,

விழாவுக்கு வரவில்லை. மைக் பிடிக்க உங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் 'இரண்டு பீரியட்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதோடுதான் கொஞ்ச நாளாக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

தெருக்கூத்தில் பெரும்பாலும் முகமூடி கிடையாது. முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை. கூத்துக்குப் பேர்போன புரிசை பழைய வடாற்காட்டுக்குள்தானே இருக்கிறது? பேப்பர் தட்டில் இரண்டு ஓட்டை போட்டு அதற்குத் 'தெருக்கூத்து' என்று பேர் வைக்காதீர்கள். பனையோலை என்றால் குருத்தோலையாகக் கேட்டு வாங்குங்கள். முற்றின ஓலை மடிப்பில் முறியும். முந்தின ராத்திரி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும்.

இனி மண்.

திங்கட்கிழமை பிடித்த சட்டி வெள்ளிக்கிழமைக்குள் காயாது. நிர்வாகம் சர்க்குலர் விட்டாலும் காயாது. வேலூர் வெயில்தான் இருக்கிறதே என்று மொட்டைமாடியில் பரப்பினால் இன்னும் மோசம். விளிம்பு மெல்லிசு, அது முதலில் காய்ந்து சுருங்கும். அடி கனம், அது ஈரமாகவே நிற்கும். ஒன்று இழுக்கும், இன்னொன்று வராது, நடுவே விரிசல் ஓடும். பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். கை சரிதான் டீச்சர், வெயிலில் வைத்ததுதான் தப்பு.

வேலையைத் திங்கட்கிழமை தொடங்குவதே தவறு. அதற்கு முந்தின வாரமே ஏரி மண்ணை நன்றாகக் காயவிட்டு, உடைத்து, அதன் பிறகு தண்ணீரில் போடுங்கள். காய்ந்த கட்டி தண்ணீர் பட்டதும் தானே பொலபொலவென்று உதிரும். அரை ஈரக் கட்டி உள்ளே தண்ணீர் விடாமல் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டு நாள் ஊறினதும் கலக்கி, கொசுவலைத் துணியில் வடியுங்கள். இதில் சோம்பல் கூடாது. கடுகளவு சுண்ணாம்புக் கல் உள்ளே போனாலும், சுட்ட பிறகு அது காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, சட்டியில் சில்லு பெயர்த்துவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சேற்றைச் செங்கல் மேல் சாக்கு விரித்துப் பரப்புங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள். ஆளுக்கு 200 கிராம் என்றால் 40 பேருக்கு 8 கிலோ. 10 கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சாத்துக்குடி அளவு உருண்டை. கட்டைவிரலை நடுவில் இறக்கி, அடியில் சுண்டுவிரல் கனம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். பிறகு சுற்றிச் சுற்றிக் கிள்ளி, சுவரையும் அதே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓரம் வெடிக்கத் தொடங்கினதும் பிள்ளைகள் தண்ணீரை அள்ளித் தடவுவார்கள். சட்டி தொப்பென்று உட்காரும். விரல் நுனி நனைந்தால் போதும். பிடி ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் கீறி, குழைத்த மண் தடவி ஒட்டணும். வெறுமனே அழுத்தினது காயும்போது கழன்றுவிடும்.

அன்றைக்கு ராத்திரி பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மறுநாள் விரல் ஒட்டாது, நகம் அழுத்தினால் தடம் மட்டும் விழும். அப்போது கூழாங்கல்லால் தேய்த்து, கவிழ்த்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். சட்டியின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. 40 பிள்ளைகளும் ஆளுக்கொரு சட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்கட்டும், உங்கள் கண்காட்சியில் பார்க்க வேண்டியது அதுதான்.

சூளையில் சட்டி வெடித்தால் 'காற்றுக்குமிழி' என்பார்கள். பெரும்பாலும் ஈரம்தான். 100 டிகிரியில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகும், வெளியேற வழியில்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு வரும். அதனால் முதலில் ஒரு மணி நேரமாவது தள்ளி நின்ற அனல். அப்புறம்தான் வறட்டியும் வைக்கோலும் மூடிய நெருப்பு. மறுநாள் காலை வரை கிளறக் கூடாது. இதை உங்களால் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். குயவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். காட்பாடிப் பக்கம் கரிகிரி மெருகிட்ட மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், உங்களுக்கு அது வேண்டியதில்லை. அகலும் சட்டியும் சுடுகிறவர் போதும். வருகிறவருக்குச் சால்வை வேண்டாம். நாள் கூலி கொடுங்கள், போக வர ஆட்டோக் காசும்.

ஆக, வெள்ளிக்கிழமை மேசையில் சுடாத சட்டிதான் இருக்கும். விரிசல் விட்டதையும் பக்கத்திலேயே வையுங்கள்.

சமையலுக்கு வருகிறேன். பிரட்டில் ஜாம் தடவ எதற்கு ஒரு நாள்? அடுப்பு வைத்தே எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யட்டும். 2023ல் புவிசார் குறியீடு வாங்கின முள்ளு கத்தரிக்காய் உங்கள் மாவட்டத்து இலவம்பாடிக் காய். பத்துப் பிள்ளைக்கு ஒரு அடுப்பு, ஒரு பெரியவர், முக்கால் கிலோ காய். முள் காம்பிலும் அதன் தொப்பியிலும்தான். காயின் உடம்பைப் பிடித்து, காம்பை விட்டுவிட்டு, அடியில் நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். வதக்கும் முன் ஈரம் போகத் துடைக்கணும், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயம். 100 மில்லி நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதங்கின பிறகே புளி. முதலிலேயே புளி ஊற்றினால் காய் வேகாமல் கறுக்கென்று நிற்கும். 50 கிராம் வேர்க்கடலையும் 25 கிராம் எள்ளும் தனித்தனியாக வறுக்கணும். எள் பொரியத் தொடங்கினதும் இறக்காவிட்டால் கசப்புதான் மிஞ்சும்.

கலர் கேட்டிருந்தீர்கள், இல்லையா? எதுவும் வாங்க வேண்டாம். காவி மண்ணை மோர்ப் பதத்துக்குக் கரைத்து, செவ்வாய்க்கிழமை, கூழாங்கல்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பூசுங்கள்.