வைற்சப்பலில் அறை தேடும் பிள்ளைக்கு

பிள்ளை, நீங்கள் நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். செப்டெம்பரில் கலை வரலாறு படிக்க லண்டன் வருகிறீர்கள். கிழக்கு லண்டனில் வைற்சப்பல் கலைக்கூடத்துக்குக் கிட்ட அறை எடுக்கலாமா, குளிர் தாங்குமா, பகுதிநேர வேலை கிடைக்குமா, அந்தக் கலைக்கூடம் எப்படிப்பட்டது?

குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள், மற்றதெல்லாம் பழகிவிடும். வேலையென்றால் மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். பதியாமல் கையில் காசு தருகிறேன் என்று வருகிறவர் எங்கள் ஆளாக இருந்தால் இரண்டு மடங்கு தூரம் விலகுங்கள். அறைக்கும் அதே கதைதான். படத்தைப் பார்த்துவிட்டுக் காசு அனுப்ப வேண்டாம். ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புப் பணம் (டெபொசிற்) கேட்கச் சட்டத்தில் இடமில்லை. 1989இல் நான் வந்தபோது ஈஸ்ற்ஹாமில் அறை என்று சொல்லி ஊர்க்காரர் ஒருவர் காசு வாங்கினார். கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு மெத்தை. மூன்று பேர் முறை வைத்துப் படுத்தோம். அவர் இப்போது தேர்த் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறார், என்னைக் கண்டால் சிரிப்பார்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது நாலாவது கேள்விக்குத்தான்.

நான் முதலில் அந்தக் கலைக்கூடத்துக்குள் போனது கலை பார்க்க அல்ல. பெற்றோல் செட்டில் இரவு வேலை முடிந்து, மெத்தையில் என் முறை வர நேரம் இருந்தது, வெளியே மழை. ஓல்ட்கேற் ஈஸ்ற் நிலையத்தின் ஒரு வாசலால் ஏறினால் பக்கத்துக் கட்டடமே அதுதான். பெரிய வளைவு வாசலைப் பார்த்துத் தேவாலயமாக்கும் என்று நினைத்தேன். காவலாளி காசு கேட்பார் என்று பயந்தேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே வெப்பம் இருந்தது, கழிப்பறை இருந்தது. பிறகு அடிக்கடி போனேன். படம் பார்க்கத் தொடங்கியது எப்போது என்று நினைவில்லை.

தேவாலயம் என்று நினைத்ததும் முழுப் பிழை இல்லை. அந்தப் பகுதிப் பாதிரியார் சாமுவேல் பார்னெற்றும் மனைவி ஹென்றியெற்றாவும் 1881 முதல் ஈஸ்ரர் காலத்தில் பள்ளிக்கூட அறைகளில் படங்களை இரவல் வாங்கிக் காட்டினார்கள். ஏழைகளுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு என்று ஞாயிறும் திறந்தார்கள், அதற்குத் திட்டும் வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1901இல் திறந்த இந்தக் கட்டடம். முகப்பில் பெரிய மொசைக் படம் ஒன்று வைக்க இடம் விட்டார்கள், காசு போதவில்லை. சிற்பி ரேச்சல் வைற்றீட் பொன் பூசிய வெண்கல இலைகளை அங்கே வைத்தது 2012இல். 111 வருடம் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வீட்டு முகப்பை அரைகுறையாக விட்டுக் குடிபுகுந்த எங்கள் ஊர் ஆட்களுக்கு இது புரியும்.

பக்கத்தில் இருந்த பொது நூலகத்தில் ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த யூதர்களின் பிள்ளைகள் சூடு காய்ந்து படித்தார்கள். ஐசாக் றோசன்பேர்க் அப்படி வந்தவர். படமும் வரைந்தார், கவிதையும் எழுதினார், 1918இல் போரில் செத்தார். தோல் வேலை செய்தவரின் மகன் டேவிட் பொம்பேர்க் 1914இல் இதே கலைக்கூடத்தில் யூத ஓவியர்களுக்கென ஒரு பகுதியையே தொகுத்தார். குடிவந்து ஒரு தலைமுறைக்குள்! நாங்கள் வந்து நாற்பது வருடமாகிறது. கோயில் கட்டினோம், கடை கட்டினோம், பிள்ளைகளைக் கணக்காளர் ஆக்கினோம். கலை படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் செத்த வீடு. உங்கள் வீட்டில் எப்படி விட்டார்கள் என்று ஒருநாள் சொல்லுங்கள்.

1956, 58, 61 என்று உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் கண்காட்சிகள், அமெரிக்க ஓவியர்கள் பொலொக், றொத்கோ எல்லாம் விரிவுரையாளர் சொல்வார். நான் சொல்ல வந்தது குவெர்னிக்காவை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டு வீசி அழித்த ஊரைப் பற்றிய ஓவியம். 1939 ஜனவரியில் பிக்காசோவின் அந்தப் படமே இங்கே வந்தது. அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் கிளெமென்ற் அற்லி திறந்து வைத்தார். நுழைவுக் கட்டணம், ஸ்பெயினில் போராடுகிறவர்களுக்கு அனுப்பக்கூடிய நிலையில் ஒரு சோடி சப்பாத்து. கிழக்கு லண்டன் தொழிலாளி சப்பாத்தோடு வரிசையில் நின்றிருப்பான்.

நூலகத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி 2009 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். அந்த ஏப்ரலில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாக நின்றோம். ஒருநாள் அங்கிருந்து நேரே வைற்சப்பலுக்குப் போனேன். பழைய வாசிப்பறையில் குவெர்னிக்காவின் நெய்த பிரதி தொங்கியது. நியூயோர்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபை வாசலில் தொங்குகிற அதே திரைச்சீலைதான். 2003இல் ஈராக் போர் பற்றிப் பேச்சு நடந்தபோது நீலத் துணியால் மூடி வைத்தார்களே, அது. கொஷ்கா மக்குகா என்ற கலைஞர் அதை இரவல் வாங்கி, முன்னால் ஒரு வட்ட மேசையும் போட்டிருந்தார். அப்போது எந்தக் குழுவும் முன்பதிவு செய்து அங்கே கூட்டம் வைக்கலாம் என்றிருந்தது, இலவசம். படத்தில் செத்த பிள்ளையோடு தாய் அண்ணாந்து கத்துகிறாள். என் கையில் துண்டுப்பிரசுரக் கட்டு. அதை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

எங்கள் அடுத்த கூட்டத்தை அங்கே வைப்போம் என்று சங்கத்தில் சொன்னேன். வாகனம் நிறுத்த இடமில்லை என்றார்கள். கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. இடியப்பம் நன்றாக இருந்தது.