தண்ணீர்க் குழாயடியில் தொடங்குங்கள், டீச்சர்

“இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், 28 பிள்ளைகள். நல்ல குடிமக்களாக இருக்க வேண்டும் என்று தினமும் சொல்கிறேன், உறுதிமொழியையும் தப்பில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?” என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஏழு வயதுக்கு அது பிடிபடாது, போதாக்குறைக்கு நம் ஊரில் ‘குடிமகன்’ என்றால் வேறு அர்த்தமும் ஓடுகிறது, பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகள் 1976இல் பத்தாகச் சேர்ந்தன, 2002இல் பதினொன்றாயின. அத்தனையையும் சார்ட்டில் எழுதி ஒட்டினால் சுவர்தான் அழகாகும். அதில் ஒன்று பொதுச் சொத்தைப் பாதுகாப்பது, இந்த வயதுக்கு அது ஒன்றே போதும், உங்கள் பள்ளியில் அதற்குப் பெயர் தண்ணீர்க் குழாய்.

அதனால் பாடத்தைக் குழாயடியிலேயே நடத்துங்கள். இடைவேளை முடிந்ததும் எல்லாரையும் அங்கே நிறுத்தி, “இன்னைக்கு யாருக்குத் தண்ணி கிடைக்கல?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று கைகள் தயங்கித் தயங்கி எழும், பெரும்பாலும் வகுப்பிலேயே குட்டியான பிள்ளைகளின் கைகளாக இருக்கும். அப்புறம் என்ன செய்யலாம் என்று அவர்களிடமே விடுங்கள். “பாட்டில் பிடிக்கிறவங்க பின்னாடி நிக்கணும், கையால குடிக்கிறவங்க முன்னாடி போகலாம்” என்கிற மாதிரி, நமக்குத் தோன்றாத ஒரு விதி வரும். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி ஒட்டுங்கள். நீங்களும் பாட்டிலோடு போனால் பின்னாடிதான் நிற்க வேண்டும், இதில் சலுகை எடுத்துக்கொண்டால் அன்றோடு விதி செத்துப்போகும்.

இன்னொன்று, வகுப்புத் தலைவர். பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி, மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போடும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், ப்ளீஸ். அது போலீஸ் வேலை. பிடித்தவன் பெயரை அழிப்பதும் பிடிக்காதவன் பெயரை எழுதுவதும்தான் அதில் பழகும்.

அதற்குப் பதில் குடவோலை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1100 வருடத்துக்கு முந்தையது. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கடந்த மூன்று வருடத்தில் பொறுப்பில் இருந்தவருக்கு இடமில்லை, கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் மட்டும்தான் அதில் வர முடிந்தது என்பதையும் மறைக்காதீர்கள், “இது சரியா?” என்று கேட்டால் வகுப்பு சூடாகிவிடும்.

ஒரு சில்வர் குடம், 28 துண்டுச் சீட்டு. வாரம் நான்கு பேர்: குழாய் மூடுவது, ஃபேன் அணைப்பது, செடிக்குத் தண்ணீர், குப்பை பிரிப்பது. வந்த சீட்டு மறுபடி குடத்துக்குள் போகாது, ஏழு வாரத்தில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நான்கு பேரும் எழுந்து என்ன செய்தோம், என்ன விட்டுப்போச்சு என்று சொல்லட்டும், அதுதான் கணக்கு. மறந்தேன் என்று சொல்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள், அடுத்த வாரமே பொய் சொல்லப் பழகிவிடும்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி தள்ளுவார்கள். பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள், இந்த முறை விதி வேறாக இருக்கும்.