பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் மைக்ரோபுரூவரி கட்டப் போகிறீர்களா? இந்த முறை வந்த கேள்விகள்

பெங்களூரு இந்திராநகரில் மூன்றாவது மாடி பார்த்திருக்கிறோம். 1,000 லிட்டர் ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கும் டேங்க்) ஆறு வைக்கலாமா? பில்டிங் ஓனர் ‘தாராளமா வையுங்க’ என்கிறார்.

ஓனர் வாடகை வாங்குபவர், அவருக்கென்ன, தாராளமாகத்தான் சொல்வார். நிரம்பிய டேங்க் ஒன்று சுமார் ஒன்றரை டன். அந்த எடை முழுவதும் உள்ளங்கை அகலத் தட்டு வைத்த மூன்று நான்கு கால்களில் இறங்கும். ஓட்டல் தளங்களைச் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோ கணக்கில்தான் போடுவார்கள். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அடியில் இரும்பு பீம் கொடுத்து வலுப்படுத்தலாம். அதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? ஒரே வரியில் சொல்லவும்.

எத்தனை லிட்டர், எத்தனை சதுர அடி, எந்த மாடி என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

டேங்க் ஏரியாவுக்கு எபாக்சி (பிசின் பூச்சு) தரை போதும் என்கிறார் கான்ட்ராக்டர். பியூ (பாலியூரித்தேன்) கான்கிரீட் மூன்று மடங்கு விலை. தேவையா?

தேவை. இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதிவிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. டேங்க் கழுவ 70, 80 டிகிரியில் காஸ்டிக் சோடா கரைசல் ஓடும், பின்னாலேயே பச்சைத் தண்ணீர். எபாக்சி ஒரு மாதிரி விரியும், அடியில் இருக்கும் கான்கிரீட் வேறு மாதிரி விரியும். சில மாதங்களில் பிடிப்பு விட்டுப்போகும். ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். பார் கவுன்டருக்கு இத்தாலியன் மார்பிள், தொங்கும் விளக்குக்கே லட்சக்கணக்கில் செலவு. உள்ளே போனால் தரை அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. ஒரு துண்டைப் பெயர்த்தேன், அடியில் கறுத்த தண்ணீர், புளித்த மாவு வாடை. திறந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. மறுபடி போட வேண்டுமென்றால் டேங்குகளைக் காலி செய்து நகர்த்த வேண்டும், அதுவரை பீர் கிடையாது. மிச்சம் பிடித்த காசு முதல் வாரத்திலேயே போய்விட்டது.

வாட்டம் இன்னொரு தலைவலி. மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு வேண்டும், சுவரோரம் வளைத்து ஏற்ற வேண்டும், வடிகால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டருக்குக் கடைசி பில் கொடுக்கும் முன் நீங்களே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் செக் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

மெஷின் கொட்டேஷனில் 18% ஜிஎஸ்டி. கட்டும் வரியைப் பிறகு கிரெடிட்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பட்ஜெட்டில் கழித்துவிட்டேன். சரிதானே?

தப்பு. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. பீர் விற்பனையில் நீங்கள் ஜிஎஸ்டி வாங்குவதில்லை, அதனால் அதற்காக வாங்கிய மெஷினுக்குக் கட்டியதும் திரும்பாது. ஒரு கோடிக்கு 18 லட்சம், செலவோடு செலவு. சிவில் வேலை பில்லிலும் இதே கதைதான். ஆடிட்டரிடம் முதலிலேயே பேசுங்கள்.

கழிவு நீருக்குத் தனிப் பிளான்ட் எதற்கு? சாக்கடையில் விட்டால் என்ன?

ஒரு லிட்டர் பீருக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் போகும், சின்ன இடங்களில் இன்னும் கூட. ஈஸ்டும் சர்க்கரையும் கலந்த அந்தத் தண்ணீரின் பிஓடி (கழிவு மக்க உறிஞ்சும் ஆக்சிஜன் அளவு) வீட்டுச் சாக்கடையைப் போலப் பல மடங்கு. இடிபி-க்கு, அதாவது கழிவு நீர் சுத்திகரிப்புப் பிளான்ட்டுக்கு, இடமும் காசும் இப்போதே ஒதுக்குங்கள்.

ஃபெர்மென்டர்களை பேஸ்மென்ட்டில் வைத்தால் மேலே மேசைகள் கூடும் அல்லவா?

கூடும். ஆனால் பீர் நொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். அது காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும், ஆளுக்கு மூச்சு முட்டும். சென்சாருக்கும் எக்ஸாஸ்டுக்கும் ஆகும் செலவைப் போட்டுப் பார்த்துவிட்டு மேசையை எண்ணுங்கள்.

எதிர்பாராத செலவுக்கு 5% போதுமா?

போதாது. ஐந்தில் ஒரு பங்கு. போன முறையும் இதைத்தான் சொன்னேன்.

டேங்க் வந்து இறங்கிவிட்டது. வாசலில் நுழையவில்லை. என்ன செய்வது?

சுவரை இடியுங்கள். மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்கு இதற்குத்தான்.